செய்தவள் பேசக் கூடாது

இன்னும் வரவில்லை. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, கன்னம் லேசாக உப்பியிருக்கிறது, நான் எழுதிக் கொடுத்த தாள் பொற்கொடியின் கையில் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. தாள் கொஞ்சம் ஆடினால் நன்றாக இருக்கும், பின்வரிசைக்கும் தெரியும். முதல் வரி எனக்கு மனப்பாடம். பாலம் உடைகிற இடம் இதுதான். அவ்வளவுதான், நான்கே வார்த்தை, முதல் எழுத்தைத் தாண்டிவிட்டால் மற்றது தானாக வந்துவிடும். தாண்ட ஏழு வினாடியிலிருந்து பதினைந்து வினாடி வரை ஆகும். வகுப்பில் இருக்கிற முப்பத்திரண்டு பேரில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். சாஃப்ட்போர்டில் குத்தியிருக்கிற, நான் வரைந்த ஆறு தாள்களுக்குப் பக்கத்தில் ஏழாவது தாள் மாதிரி நிற்கிறேன், வாய் திறக்கக் கூடாது. உத்ரா மேடத்தின் வகுப்பில் அதுதான் சட்டம். செய்தவள் பேசக் கூடாது, அவளுடைய ஜோடிதான் எழுந்து வந்து விளக்க வேண்டும். திங்கட்கிழமை வேலையைக் கவரில் போட்டு ஒட்டி ஜோடியிடம் கொடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை ஜோடி பத்து நிமிடம் பேச வேண்டும். கவருக்குள் ஒரே ஒரு பக்கத்துக்குக் குறிப்பு வைக்கலாம், வைத்தால் அதை எழுதினபடியே வாசிக்க வேண்டும். உங்க வேலை உங்க வாய் இல்லாம நிக்குதான்னு பாக்கணும், என்றார் மேடம். நான் அந்தக் கடைசி விதியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் யாரும் நிமிரவில்லை என்று ஞாபகம்.

வந்துவிட்டது. பாலம் உடைகிற இடம் இதுதான். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, அவள் குரல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், வெளியே வந்தால். முன்வரிசையில் யாரோ செருமினார்கள். உத்ரா மேடம் பேனாவை மேசையில் வைத்துவிட்டார், அது நல்ல சகுனம், அவர் பேனாவைக் கீழே வைப்பது பார்ப்பதற்காக. அவருக்குப் பக்கத்தில் விளம்பரக் கம்பெனியிலிருந்து வந்திருக்கிற சார், காலையிலிருந்து எட்டு ஜோடிகளைக் கொட்டாவியோடு பார்த்தவர், இப்போது நாற்காலியில் முன்னால் நகர்ந்திருக்கிறார். இரண்டாவது வரி. பேச்சு நின்ற பிறகும் பேசியவள் நிற்கிறாள். போயிற்று, மறுபடியும் உதடு மூடிக்கொண்டது. பதினான்கு வரிகள், பதினான்கும் ப-வில். எழுதுவதற்கு எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. 'ஆனால்' என்று ஒரு வரி ஆரம்பித்து அடித்தேன், 'இங்கே' என்று ஒன்று ஆரம்பித்து அதையும் அடித்தேன், அவளுக்கு ஓரிடத்திலாவது இளைப்பாறக் கிடைத்துவிடுமே என்று. இளைப்பாறட்டும் என்று ஒரு வரியை விட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும். ஒன்றும் குறைந்திருக்காது, ஆனால் வடிவம் கெட்டிருக்கும். நான் சுத்தமாக வேலை செய்கிறவள். அது எல்லோருக்கும் தெரியும்.

சுத்தமா இருக்கு யாமினி, ஆனா உயிர் இல்ல. போன செமஸ்டரில் இதே சுவரில், இதே இடத்தில், மேடம் சொன்னது. என் தாள்களின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வெட்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்று மெச்சிவிட்டு, அதற்கப்புறம் சொன்னார். தொடர்பும் படைப்பாற்றலும் என்கிற பேப்பரில் வகுப்பிலேயே தோற்றவள் நான் ஒருத்தி. இன்னொரு முறை தோற்றால் வருஷம் போய்விடும், வருஷம் போனால் அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். போனிலேயே சொல்லிவிட்டார், படம் போட்டது போதும் வந்து கடையில உக்காரு, கரூர்ல டைல்ஸ் வாங்க வர்றவனுக்கும் கலர் காட்ட ஆள் வேணும்ல. அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கடையின் வெள்ளை விளக்கு, குளியலறை மாதிரியே செட் போட்ட சின்னச் சின்ன அறைகள், தண்ணீர் வராத குழாய்கள், நடுவில் நான். உயிர் என்றால் என்ன என்று ஆறு மாதம் யோசித்தேன். புத்தகங்களில் தேடினேன், கடற்கரையில் போய் உட்கார்ந்து மீன்காரிகளை வரைந்தேன், எல்லாம் சுத்தமாக வந்தது. பிறகுதான் ஹாஸ்டல் அறையில் என் கட்டிலுக்கு எதிரே, பொற்கொடியின் கட்டிலில் அது படுத்திருக்கிறது என்று தெரிந்தது.

மூன்றாவது வரி. பார்க்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி ப-ப-ப என்று வராது. அது திக்காதவர்கள் நினைத்துக்கொள்வது. பொற்கொடிக்குச் சத்தமே இல்லாமல் அடைத்துக்கொள்ளும், உதடு மூடியது மூடியபடி, கண்ணின் ஓரம் மட்டும் துடிக்கும். அதனால்தான் இரண்டு வருஷமாக ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் அமைதியான பெண், அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த கூச்சம், அவ்வளவுதான். எழுந்து பேச வேண்டிய நாளெல்லாம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், இல்லையென்றால் முன்கூட்டியே வீடியோ செய்து கொண்டுவந்துவிடுவாள். ப-வில் ஆரம்பிக்கிற வார்த்தைகளை அவள் தன் பேச்சிலிருந்தே ஒழித்துவிட்டாள், பணத்தை ரூபாய் என்பாள், பாப்பாவைக் குழந்தை என்பாள், பயமா இருக்கு என்பதற்கு ஒரு மாதிரி இருக்கு என்பாள். பேரை மட்டும் மாற்ற முடியவில்லை. முதல் நாள் அறிமுகத்தில் எல்லோரும் எழுந்து பேர் சொன்னபோது அவள் மட்டும் பலகைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள், எல்லோரும் ஸ்டைல் என்று நினைத்தோம். என் பேர் அவளுக்குச் சுலபமாக வரும். யாமி, யாமி என்று நாளைக்கு நூறு தரம் கூப்பிடுவாள். அதனால்தான் என்னோடு சிநேகமானாளோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியது மட்டுமில்லை, கோபமும் வந்திருக்கிறது.

எனக்குத் தெரியவந்தது முதுகு வழியாக. முதல் வருஷம், முதுகோடு முதுகாக உட்காரவைத்து ஒரு பயிற்சி. ஒருத்தி கையில் ஒரு உருவம் இருக்கும், அதை அவள் வாயால் சொல்லச் சொல்ல இன்னொருத்தி பார்க்காமல் வரைய வேண்டும். எனக்கு வரையும் பங்கு, அவளுக்குச் சொல்லும் பங்கு. சுற்றிலும் பக்கம், பாதி, பெரிசு, புள்ளி என்று ஒரே கூச்சல், எங்களுக்குள் மட்டும் சத்தமில்லை. என்னடி சொல்லேன் என்று நான் முணுமுணுத்த நேரத்தில் அவள் திரும்பி, விரலால் என் முதுகில் உருவத்தை வரைய ஆரம்பித்தாள். மெதுவாக, ஒரு கோடு போட்டு, நான் தாளில் போடும்வரை விரலை எடுக்காமல் காத்திருந்து, அடுத்த கோடு. முப்பத்திரண்டு பேரில் எங்கள் உருவம்தான் அச்சாக வந்தது. மேடம் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார், இதுதான் படைப்பாற்றல், வாய் இல்லைன்னதும் அவ முதுகைக் கண்டுபிடிச்சா பாருங்க. கைதட்டினார்கள். பாராட்டு அவளுக்கு, எனக்கு முதுகு. அதே வாரம் மெஸ்ஸில் அவள் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு என் தட்டிலிருந்த பொங்கலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு இது ஆகாதா என்று கேட்டேன். ரொம்ப ஆசை யாமி, ஆனா கேக்க வராது, என்றாள். கேக்க வராதுன்னா? அவள் சொல்லிக் காட்டினாள். அந்த அடைப்பை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாக மிக அருகில் பார்த்தேன், வார்த்தை முழுக்க வெளியே வரும்வரை நான் அசையவில்லை, என் பொங்கல் ஆறிப்போனது. மறுநாளிலிருந்து கவுண்டரில் ரெண்டு பொங்கல் அண்ணா என்று நான்தான் சொல்வேன். அதையும் செய்தவள் நான்தான். அதையும் யாராவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது வரி வந்துவிட்டது போலிருக்கிறது, நான் நான்காவதைக் கேட்கவில்லை. பயம் அவளுடையது அல்ல, நம்முடையது. இந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அறையில் மின்விசிறிச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கிறது. கடைசி வரிசையில் ஒருத்தன் கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறான், பிடிக்கட்டும். என் தாள்களில் இருப்பது வேறொன்றுமில்லை, கறுப்புக் கோடுகள், நடுநடுவே அறுந்து மறுபடி தொடர்கின்றன, அறுந்த இடம் தாளுக்குத் தாள் அகலமாகிக்கொண்டே போகிறது. அவள் அடைத்து நிற்கிற நேரத்தில் பார்ப்பவர்களின் கண் அந்த இடைவெளியில் போய் நிற்கிறது. நான் போட்ட கணக்கு தப்பவில்லை, எவ்வளவு அழகாக வேலை செய்கிறது. தொடர்புங்கறது நீ சொல்றது இல்ல, எதிர்ல இருக்கறவங்களுக்குப் போய்ச் சேர்றது, என்பார் மேடம். போய்ச் சேருகிறது மேடம். அவளுடைய கழுத்தில் நரம்பு புடைக்கிறது, எனக்கு ஒரு கணம் வாய் வரைக்கும் வந்துவிட்டது, போதும் பொற்கொடி என்று. செய்தவள் பேசக் கூடாது. நல்லவேளை அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இல்லாவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பது எனக்கே தெரிந்து போயிருக்கும்.

ஆனால் அவள் ஏன் வாசிக்கிறாள். இதுதான் திங்கட்கிழமையிலிருந்து எனக்குள் முள்ளாக நெருடிக்கொண்டிருப்பது. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்றாவது எதிர்பார்த்தேன், இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். இது உனக்காகத்தாண்டி, எவ்ளோ நாள் ஒளிச்சு வெச்சிருப்ப, ஒரு தடவை எல்லாருக்கும் முன்னாடி உடைஞ்சிட்டா அப்புறம் வலிக்காது. நல்ல பதில். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தபோது எனக்கே நம்பும்படி இருந்தது. அவள் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை கட்டிலில் உட்கார்ந்து கவரைப் பிரித்தாள், குறிப்பை எடுத்து மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள், விரலை ஒவ்வொரு வரியின் முதல் எழுத்திலும் வைத்துக்கொண்டே வந்தாள், பதினான்கு முறை. பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டு, துணி காயுது, எடுத்துட்டு வரேன் யாமி, என்று மாடிக்குப் போய்விட்டாள். ஒருவேளை அவளுக்குப் புரியவில்லையோ. புரியாமல் இருக்குமா, அந்த எழுத்தை அவளைவிட அறிந்தவர்கள் யார். புரிந்துகொண்டுதான் இப்போது அங்கே நிற்கிறாள். ஒன்பதாவது வரி. அவள் சட்டையின் முதுகு நனைந்திருக்கிறது. ஒரு வரியைக்கூட அவள் மாற்றவில்லை. எப்போதும் சட்டென்று ஒரு வார்த்தையைத் தள்ளிவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்கிறவள், இன்றைக்கு ஒன்றைக்கூடத் தள்ளவில்லை.

அப்புறம் இந்தக் கவர். என் கையில், முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிற அவளுடைய கவர். அடுத்த பத்து நிமிடம் நான் இதைப் பற்றிப் பேச வேண்டும், எனக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள், வாரம் முழுக்க என் வேலை எப்படிப் பேசப்படும் என்கிற நினைப்பிலேயே போய்விட்டது, அவளுடையதைப் பிரிக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. காலையில் கிளம்புகிற நேரத்தில் அவள் கேட்டாள், யாமி, என் கவரை ஒரு நிமிஷம் குடேன், ஒரு அட்டைய விட்டுட்டேன். மேசைமேல் என் லேப்டாப்புக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், கொடுத்த பிறகுதான் உறைத்தது. ஒட்டு பிரியாமல் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒட்டின இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள், பிறகு தானே கிழித்து, எதையோ உள்ளே சொருகி என்னிடம் திருப்பித் தந்தாள். லேட் ஆச்சு, வா, என்றாள். மெஸ்ஸில் நான் இரண்டு பொங்கல் சொன்னேன். அவள் முழுக்கச் சாப்பிட்டாள். சாப்பிட்டவளுக்குக் கோபம் இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முடித்துவிட்டாள். பதினான்காவது வரிக்கு இருபது வினாடிக்கு மேல் ஆனது, நான் எண்ணினேன், அதன் பிறகு கைதட்டல். உண்மையான கைதட்டல், மரியாதைக்குத் தட்டுவது இல்லை. இப்போது எனக்கு வாய் உண்டு, பத்து நிமிடம் முடிந்தால் செய்தவளிடம் கேள்வி கேட்பார்கள். கம்பெனி சார் எழுந்தே நின்றுவிட்டார். "அந்த கேப் எல்லாம் ப்ளான் பண்ணதாம்மா? ஒவ்வொரு வரியும் அதே எழுத்துல ஆரம்பிச்சு, அதே எழுத்துல நிக்குதே." பொற்கொடி என்னைப் பார்த்தாள். கண்ணைத்தான் பார்த்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது, அந்த மூச்சில் வெள்ளை விளக்கும் தண்ணீர் வராத குழாயும்தான் வந்தன. "ஆமா சார்," என்றேன், "ஒரு வாரமா ரிகர்சல் பண்ணோம்." "என்னமா நடிச்சா, சிலிர்த்துட்டுது எனக்கு," என்று அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அன்பாகத்தான். உத்ரா மேடம் பேனாவை எடுத்து எதையோ எழுதி, நிமிர்ந்து, நான் ஆறு மாதமாகக் காத்திருந்ததைச் சொன்னார். "இதுல உயிர் இருக்கு, யாமினி." எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. சந்தோஷத்தில்தான். வேறெதிலும் இல்லை.

இடம் மாறிக்கொண்டோம். அவள் சுவரோரம், நான் நடுவில். கவருக்குள் கை விட்டேன், கெட்டி அட்டைகள், உள்ளங்கை அளவு, முதலாவதில் என் முகம் இருந்தது. பேனாவால் வரைந்தது. கன்னத்தில் கை வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பொங்கல் தட்டுக்கு முன்னால் நான். மேலே தலைப்பு, கேட்கிறவருக்கு. கீழே ஒரு வரி, வாயைப் பார்க்காதே, கண்ணைப் பார். இரண்டாவதிலும் நான்தான், பஸ் ஜன்னலோரம். காத்திரு, அது வந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்றாவதில் எனக்கு மூக்கின்மேல் மாவு ஒட்டியிருக்கிறது, அது எந்த நாள் என்றுகூட எனக்கு ஞாபகம் வந்தது. வார்த்தையை முடித்துக் கொடுக்காதே, அது அவளுடையது. முன்பே சொல்லியிருக்கிறாள், மெஸ்ஸில் அந்த முதல் நாளில், எல்லாம் செய் யாமி, என் வார்த்தையை மட்டும் நீ முடிச்சுடாத. இரண்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூட முடித்ததில்லை. நான் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன், பேசினேன். என் வாய் பேசிக்கொண்டே போனது, எனக்கே வியப்பாக இருந்தது, கவரைப் பிரிக்காத ஒருத்தி இவ்வளவு சரளமாகப் பேச முடியுமா. கேட்பது என்பது ஒரு உடல்மொழி மேடம், இதில் கேட்கிறவளின் முகம் மட்டும்தான் இருக்கிறது, பேசுகிறவள் இல்லவே இல்லை, அந்த இன்மைதான் இதன் வடிவம். மேடம் தலையாட்டினார். பதினொன்றாவது அட்டைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு மையில், இது நீலப் பேனாவில், அவசரமாக. முகம் இல்லை, பின்னந்தலை. என் பின்னந்தலை, என் பச்சை கிளிப். கேட்பவள் திரும்பிக்கொண்டால், என்று தனக்கே எழுதியிருந்தாள். திக்கினாலும் கடைசி வரிவரை வாசித்துவிடு, நடிப்பென்று நினைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு மார்க் வேண்டும்.

உயிர் உள்ள அட்டை அதுதான். எனக்குத் தெரிந்தது, இரண்டு வருஷத்தில் மேடம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ஏதாவது ஏறியிருக்கிறது என்றால் அது அந்த ஒரு கணத்தில் தெரிந்தது. அதைத் தூக்கிக் காட்டினால் வகுப்பு அப்படியே உறைந்துவிடும், இந்த வருஷம் எல்லோர் வாயிலும் அவள் பெயர்தான் இருக்கும். என் ஆறு தாள்கள் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. நான் அதைப் பதினொன்றாவதன் அடியிலேயே வைத்து அழுத்திப் பிடித்தேன். "மொத்தம் பதினோரு அட்டை மேடம்," என்றேன். சுவரோரம் அவள் நிமிர்வது தெரிந்தது. செய்தவள் பேசக் கூடாது, அவள் பேசவில்லை, பத்து நிமிடம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மேடம் கேட்டார். "நல்லா இருக்கு. பொற்கொடி, நீ ஏதாவது சேக்கணுமா?"

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள், உதடுகள் சேர்ந்தன, அடைத்துக்கொண்டது. எனக்கு அது என்ன எண் என்று தெரியும். பதினொன்றுக்கு அடுத்த எண், பன்னிரண்டு. இன்னும் ஒன்று என்று சுற்றிச் சொல்லலாமே, ஏன் சொல்லவில்லை, பேரைப்போல அதையும் அவள் மாற்றப் போவதில்லை. மூன்று வினாடி. நான்கு. முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், மறுபடியும் நடிக்கிறா பாரு. கம்பெனி சாரும் சிரித்துக்கொண்டே கைதட்ட ஆரம்பித்தார், இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஏழு. கண்ணோரம் துடிக்கிறது, வரப்போகிறது, எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். மேடம் மணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், நீ சொல்லேன் என்பதுபோல.

"பரவாயில்லன்னு சொல்றா மேடம்," என்றேன்.

மேடம் சிரித்து, அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். பலகையிலிருந்து பின்களைப் பிடுங்கும் சத்தம் ஆரம்பித்தது. பொற்கொடியின் உதடு இன்னும் மூடியபடியே இருந்தது. அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.